ஆச்சி வைத்துவிட்டுப் போன கொடி

காலை ஏழேகால் மணி. பின்கட்டில் எங்கள் வானொலி டெல்லிச் செய்தியைத் தொடங்கியிருந்தது, அதனால் நேரத்தில் சந்தேகமில்லை. நான் முதலில் பார்த்தது ஒரு கறுப்புக் குடையின் இரும்பு நுனியை. அது சுவரைத் தொடாமல் ஓர் அங்குலம் விலகி, கொடி போன வழியிலேயே மெதுவாக நகர்ந்தது. மூலையில் இருந்த ஊறுகாய் ஜாடியில் தொடங்கி, மரத்தூணைச் சுற்றி, கதவு நிலையின் மேல் ஏறி, வரிசையாக மாட்டியிருந்த பெரியவர்களின் படங்களுக்குப் பின்னால் புகுந்து வெளியே வந்து, வளவு என்கிற உள்முற்றத்துக்குப் போகும் கதவின் மேலே நின்றது. குடையைப் பிடித்திருந்த கையில் இரண்டு தங்கக் காப்புகள். ஆச்சியின் கை. வீடும் ஆச்சியுடையதுதான்.

“என்னத்தா இது, வீடா காடா?” என்றார்.

நம் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். அவள் வீட்டு மணி பிளாண்ட் சோபாவுக்குப் பின்னால் இறங்கி, தொலைக்காட்சியைச் சுற்றி, திரைச்சீலைக் கம்பியில் ஏறியிருந்தது. அடியில் இலையே இல்லை. நுனியில் மட்டும் பச்சை. இதை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். தூக்கிப் போடு என்று பாதிப் பேர், அதிர்ஷ்டம் போய்விடும் என்று மீதிப் பேர். நான் ஒரு வரி எழுதினேன்: கணுவுக்குக் கீழே வெட்டு, தண்ணீரில் போடு, வெளிச்சத்தில் வை. உனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். அதை ஒரு வரியில் சொல்ல முடியவில்லை.

உங்களில் பலர் காரைக்குடியில் அந்த மாதிரி வீடுகளை முன்வாசல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள். எனக்குப் பின்வாசல்தான் பழக்கம். ஆச்சியின் குடும்பம் சென்னைக்குக் குடிபோனபோது வீட்டைப் பார்த்துக்கொள்ள எங்கள் அம்மாவையும் அப்பாவையும் வைத்துவிட்டுப் போனது. அப்போது நான் கைக்குழந்தை. பின்கட்டில் இரண்டு அறைகளும் ஒரு சமையல் சார்ப்பும் எங்களுக்கு. அப்பா புதுவயலில் அரிசி மில்லில் வேலை பார்த்தார். மாலையில் அவர் சட்டையை உதறினால் உமி கொட்டும். வீடு முழுக்க அம்மாவின் பொறுப்பு. கூட்டுவது, துடைப்பது, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது, கறையான் வருகிறதா என்று பார்ப்பது. சாவிக் கொத்து அம்மாவின் இடுப்பில் இருக்கும். எந்தச் சேலையை எடுத்தாலும் அந்த இடம் மட்டும் நைந்திருக்கும்.

காரில் ஏறும்போது ஆச்சி கொடி வைத்த ஒரு கண்ணாடி பாட்டிலைக் காட்டி மூன்று வார்த்தை சொன்னாராம். அம்மா அதை அதே வரிசையில்தான் திரும்பச் சொல்வாள். “தண்ணி ஊத்து. கத்தி வைக்காத. எடம் மாத்தாத.” அதோடு, சன்னலைத் திறக்கக் கூடாது, திறந்தால் புறா வந்து அடையும்.

அம்மா மூன்றையும் காப்பாற்றினாள். பாட்டில் வேரால் நிரம்பியதும் அதை உடைத்து ஜாடியில் மண் போட்டு வைத்தாள், ஆனால் அதே மூலையில். அந்தச் சுவர்கள் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துத் தேய்த்தவை. கையால் தடவினால் பீங்கான் மாதிரி வழுக்கும். ஆணி அடிக்க முடியாது. அதனால் கொடியைத் தூண் உச்சியின் போதிகையிலும் படங்களின் கொக்கியிலுமாக மாட்டிவிட்டாள். நாங்கள் அதை மணி பிளாண்ட் என்று சொன்னதில்லை. ஆச்சி கொடி என்போம். பதினோரு வருடத்தில் அது பட்டாலை என்று நாங்கள் சொல்லும் அந்த முன்கூடத்தில் மூன்று பக்கம் சுற்றியிருந்தது. பள்ளியில் கொடுத்த நூலைப் பிடித்து நான் ஒருமுறை அளந்தேன். நாற்பத்தோரு அடி. நுனி, வளவுக் கதவுக்கு மேலிருந்த வண்ணக் கண்ணாடியைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இன்னும் ஒரு முழம் இருந்தது. அதே நாளில் ஜாடியிலிருந்து சன்னலுக்கும் அளந்தேன், என் காலால், குதிகாலை ஒட்டிக் கால் வைத்து. இருபத்தாறு அடி.

ஆச்சி வந்தது மகன் கல்யாணத்துக்கு வீட்டைத் தயார் செய்ய. கல்யாணம் ஏழு வாரத்தில். பள்ளிக்கு முழுப் பரீட்சை விடுமுறை விட்டிருந்தார்கள்.

“ஆச்சி வச்சுட்டுப் போன கொடிதான்,” என்றாள் அம்மா. குரலில் பெருமை இருந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. “நீங்க சொன்னீகளே, கத்தியே வைக்கல.”

ஆச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார்.

“நான் வச்சதா? நான் வச்சது மஞ்சளும் பச்சையுமால்ல இருக்கும். பெரியவ பினாங்குலேருந்து ஈரத்துணியில சுத்திக் கொண்டாந்தா. இது வெறும் பச்சை. இந்தா, வேலியோரத்துலயெல்லாம் கெடக்கே, அது.”

“அதே கொடிதான் ஆச்சி.”

“பதினோரு வருசம்னா ஒரு செடி சாகத்தான் செய்யும். செத்துப் போச்சு, வேற வச்சேன்னு சொன்னா உன்னைய தின்னுடவா போறேன்?”

“சாகல ஆச்சி. மாத்தல.”

“சரி விடு, செடிதானே,” என்று ஆச்சி சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு பாவாடைத் துணியும் ஒரு டப்பா சாக்லேட்டும் கொண்டுவந்திருந்தார். பிறகு குடை நுனியால் ஒரு படத்தைக் காட்டினார். “எங்க மாமனாருக்குக் கழுத்துல மாலையாட்டம் போட்டு வச்சிருக்கே. எல்லாத்தையும் எடுத்து எறி. அடுத்த வாரம் சொவரு தொடைக்க ஆளு வருது.”

காப்பி குடித்து முடித்த பிறகு, போகிற போக்கில் சொல்வது போலச் சொன்னார். “சாவி என்கிட்டயே இருக்கட்டும்த்தா. கல்யாண வீடு. நாலு பேரு வருவாக, போவாக.”

அம்மா இடுப்பிலிருந்து கொத்தை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். அது ஒரு நிமிடம் எடுத்தது. ஆச்சி கையை நீட்டியபடியே நின்றார்.

மாலையில் ஆச்சியின் டிரைவர் அப்பாவிடம் ஒரு பீடி வாங்கிப் பற்றவைத்தபடி விஷயத்தைச் சொல்லிவிட்டார். கல்யாணம் முடிந்ததும் வீட்டுக்கு வேறு ஆள் வைக்கப் போகிறார்கள். “ஒரு செடியில கைய வச்சவுக, வெள்ளிச் சாமான்ல வைக்க மாட்டாகளான்னு கார்ல பேசிட்டு வந்தாக. நான் சொன்னேன்னு சொல்லிராதீக.”

அப்பா உள்ளே வந்து சட்டையைக் கழற்றினார். “பச்சையா இருந்ததால வீட்ட விட்டு எறக்கிட்டாகன்னு மில்லுல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்,” என்றார்.

“எறக்கட்டும்,” என்றாள் அம்மா. “அதுக்கு முந்தி அவுக குடுத்தத அவுக கையில திருப்பிக் குடுப்பேன். உசுரோட.”

“அவுகதான் எறியச் சொல்லிட்டாகளே.”

“அவுக எறியட்டும். நான் எறிய மாட்டேன்.”

மறுநாள் ஏணி போட்டுக் கொடியை இறக்கினோம். அம்மா மேலே, நான் கீழே. முழுசாக, அறுபடாமல் இறக்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. சுவரைப் பிடித்திருந்த இடங்களில் சின்னச் சின்ன வேர்கள் ‘டிக் டிக்’ என்று விட்டுக்கொடுத்தன. விட்ட இடத்தில் பழுப்பாக, பூரான் கால் மாதிரி தடம் விழுந்தது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்தோம், எலுமிச்சை போட்டுத் தேய்த்தோம். மங்கியதே தவிரப் போகவில்லை. பெரியவரின் படத்தில், சட்டத்துக்குள் புகுந்திருந்த ஓர் இலை கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் வெளுத்து, ஈரத்தாள் மாதிரி கிடந்தது. அதை ஊசியால் எடுத்தாள்.

கொடியை வளவில் சுருட்டி வைத்தபோதுதான் அதன் நிலை தெரிந்தது. மேலே பச்சை, முதல் பத்தடியில் ஓர் இலைகூட இல்லை. ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினால் மண்ணே வரவில்லை. ஜாடியின் வடிவத்தில் வேர்தான் வந்தது, அதன் நடுவில் கறுத்துக் குழைந்த தண்டு. அழுகிய நாற்றம். அம்மா இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தாள். தோல் கழன்று வந்தது.

அரிவாள்மனையை எடுத்துவந்து அதன் முன்னால் உட்கார்ந்தாள். பதினோரு வருடமாகக் கத்தி படாத கொடி. ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். “பாட்டில் இருக்கிறதெல்லாம் எடுத்துட்டு வா,” என்றாள்.

மருந்து பாட்டில், மைக்கூடு, நல்லெண்ணெய் பாட்டில், பின்னால் வைத்தியர் வீட்டில் கேட்டு வாங்கிய மூடியில்லாத சீசாக்கள். அம்மா நல்ல இலைகளாகப் பார்த்து, வெற்றிலையைக் கிள்ளுவது மாதிரி காம்போடு அறுத்தாள். அவளுக்கு அந்த இலை வெற்றிலை மாதிரிதான் தெரிந்திருக்க வேண்டும், எனக்கும் அப்படித்தான். ஒரு பாட்டிலுக்கு ஓர் இலை. வரிசையாகக் கிணற்றடிச் சுவரில் வைத்தோம். பட்டாலையில் வைக்க முடியாது, சுவர் துடைக்க ஆட்கள் வர இருந்தார்கள். இலை அறுத்த தண்டை எறிய மனம் வராமல் ஈரச் சாக்கில் சுற்றித் துவைக்கிற கல்லுக்கு அடியில் வைத்தாள்.

ஒன்பது நாள் ஆயிற்று. இலைகள் வாடவில்லை. பளபளவென்று இருந்தன. வேரும் விடவில்லை. நான் தினமும் காலையில் ஒவ்வொரு பாட்டிலாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன். காம்பின் நுனி, வெட்டிய அன்று இருந்தபடியே இருக்கும்.

பத்தாம் நாள் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. சிங்கம்புணரிக்கு அப்பால், வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வரும்போதெல்லாம் ஈரத் துணியில் ஒரு கவுளி வெற்றிலையும், அம்மாவைச் சீண்டுவதற்கு இரண்டு பேச்சும் கொண்டுவருவாள். கிணற்றடிக்குக் கால் கழுவ வந்தவள் பாட்டில் வரிசையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“என்ன மதினி, கடை போட்டிருக்கீகளா?”

“வேர் விடட்டும்னு வச்சிருக்கேன்.”

“எதுல? காம்புலயா?” அத்தை ஓர் இலையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு இன்னொன்றை. பிறகு கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். “ஏன் மதினி, வெத்தலையக் கிள்ளித் தண்ணியில போட்டா பத்து நாளு வாடாம இருக்கும். அதுக்காக கொடி வந்துருமா? எங்க வீட்டுக்காரருகிட்டச் சொன்னா அவரு கொடிக்கால்ல உருண்டு உருண்டு சிரிப்பாரு.”

“சும்மா இரு புள்ள. அது ஆச்சி கொடி.”

“ஆச்சி கொடின்னா ஆச்சி சொன்ன எடத்துலயா வேர் விடும்? தண்டு எங்க?”

சாக்கைப் பிரித்தபோது அத்தையின் சிரிப்பு நின்றது. தண்டின் மேல் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனாள். அங்கங்கே ஒரு முடிச்சு. முடிச்சின் ஓரத்தில் பழுப்பாக ஒரு முளை, மிளகுக்குப் பாதி அளவு. “இந்தா, இதுதான் கணு. இதுல இருக்கு உசுரு. இலையில ஒன்னுமில்ல, அது சும்மா பாக்கத்தான்,” என்றாள். அவளே வெட்டினாள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கணு, கீழ்க்கணு தண்ணீருக்குள், மேல்கணு வெளியே. இருபத்திரண்டு துண்டு.

வெட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். “இலை என்ன இப்படிக் கருத்துக் கெடக்கு? இருட்டுலயே வச்சிருந்தீகளா? எங்க கொடிக்கால்ல அகத்தி நெழலு கூடிட்டா இப்படித்தான் கருக்கும். வெயிலு பட்டா வெளுக்கும்.”

அம்மா பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பேர் காதிலும் அது விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் மாற்றுவது என் வேலை. இரண்டு நாளுக்கு ஒருமுறை. நான்காம் நாள் ஐந்து துண்டுகள் கொழகொழத்துப் போயின. மற்றவை நின்றன. எட்டாம் நாள், மைக்கூட்டில் இருந்த துண்டின் கணுவில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்தது. மறுநாள் அது ஓர் அரிசி அளவு நீண்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, மைக்கூட்டை வாங்கி, வெகு நேரம் வெயிலுக்கு நேரே பிடித்திருந்தாள்.

அப்போதுதான் நான் கேட்டேன். நல்ல நேரம் என்று நினைத்துக் கேட்டேன். “ஏம்மா, நெசமாவே நீ மாத்தலயா?”

எனக்குப் பன்னிரண்டு வயது. முதல் கொடியை நான் பார்த்ததில்லை. ஆச்சி பொய் சொல்ல வேண்டிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் இலை பச்சையாகாது என்பதும் உறுதியாகத் தெரிந்தது. அம்மா பயந்துபோய் எங்கேயோ வேலியில் பிடுங்கி வைத்திருப்பாள், இப்போது சொல்ல வெட்கப்படுகிறாள், நான் மன்னித்துவிடலாம் என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

அம்மா மைக்கூட்டை அதே இடத்தில் வைத்தாள். “மத்ததுக்குத் தண்ணி மாத்து,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கேள்விக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல் ஆகிறது. அதை நான் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அவளிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு வீடு நிரம்பியது. வளவில் சமுக்காளம், முகப்பில் வாழைமரம், இரண்டாங்கட்டில் ஆள் உயர அண்டாக்கள். பதினோரு வருடமாகத் திறக்காத சன்னல்களை எல்லாம் அன்றைக்குத் திறந்திருந்தார்கள். அம்மா விடிவதற்கு முன்பே எழுந்து, பதினேழு பாட்டிலில் மிக நன்றாக வந்திருந்ததைப் பொறுக்கி, வெளிப்புறம் துடைத்து, பட்டாலை மூலையில் ஜாடி இருந்த இடத்தில் வைத்தாள். வேர் ஒரு சாண் இருந்தது. நுனியில் புது இலை இன்னும் விரியாமல், சுருட்டிய துணி மாதிரி நின்றது. ஆச்சி அன்று அந்த மூலையைத் தாண்டி ஆறு முறை போனார். நான் எண்ணினேன். ஒருமுறையும் குனிந்து பார்க்கவில்லை.

மத்தியானம் இரண்டு பெண்கள் அங்கே நின்று பேசினார்கள். இரண்டு பேருக்கும் பட்டுப்புடவை, இரண்டு பேரும் வெளியூர்.

“இதக் கேட்டு வாங்கினா வராதுங்கிறாகளே.”

“ஆமா. திருடி வச்சாத்தான் வளருமாம். நம்ம ராசி பாப்போமே.”

நுனியைப் புது இலையோடு கிள்ளி, கைக்குட்டையில் சுருட்டிப் பைக்குள் போட்டாள் ஒருத்தி. மற்றவள் சிரித்தாள். யாரும் எதுவும் நினைக்கவில்லை. மாலையில் அம்மா வந்து மொட்டைத் தண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன், நான் இல்லை என்று.

கல்யாணம் முடிந்த நான்காம் நாள் ஆச்சி அம்மாவைக் கூப்பிட்டு ஒரு நூல்புடவையும் ஒரு பித்தளைக் குடமும் கொடுத்தார். ஒரு குறையும் சொல்லவில்லை. வீட்டுக்கு இனி ஆண் துணை வேண்டும், ஒரு வாட்ச்மேன் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான் என்றார். அம்மா பாட்டில்களை இரண்டு கூடையில் கொண்டுவந்து ஆச்சியின் முன்னால் வைத்தாள்.

“உங்க கொடி ஆச்சி. பதினேழு துண்டு. எல்லாம் வேர் விட்டிருச்சு.”

ஆச்சி கூடையைப் பார்த்தார். “அங்குட்டு வச்சுட்டுப் போத்தா,” என்றார்.

அங்கே வைத்தது பதினாறு. மைக்கூடு என் பள்ளிப் பைக்குள், பாவாடைத் துணியில் சுற்றி இருந்தது. திருடினால்தான் வளரும் என்று நான் காதால் கேட்டிருந்தேன். இது எங்களுக்கு வளர வேண்டும் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசித்ததாக ஞாபகம் இல்லை.

புதுவயலில் மில்லுக்குப் பின்னால் ஒரே அறை வீடு. கிழக்குப் பார்த்த ஒரு சன்னல். நெல் அவிக்கும் வாசனையும் உமிச் சாம்பலும் எந்நேரமும் அதன் வழியாக வந்தன. மைக்கூட்டைச் சன்னலுக்கு வெளியே, கட்டையில், கதவின் மறைவில் வைத்திருந்தேன். பள்ளி திறந்துவிட்டது. மூன்றாவது வாரம் ஒரு காலையில் தண்ணீர் மாற்றக் கையை விட்டபோது, அங்கே மைக்கூடு இல்லை. அம்மா அதை அறைக்கு நடுவில் தரையில் வைத்து, முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

புது இலை விரிந்திருந்தது. நடுநரம்புக்கு இடப்பக்கம் பச்சை. வலப்பக்கம் நுனி வரைக்கும் மஞ்சள், அதில் பச்சையாக இரண்டு தெறிப்பு.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

சொன்னேன். முதுகில் ஓர் அடி விழுந்தது. ஒன்றுதான். பிறகு அம்மா என் தோளைப் பிடித்து உட்காரவைத்து, மறுபடியும் அந்த இலையையே பார்த்தாள்.

“ஒங்க அயித்த சொன்னாள்ல,” என்றாள். “வெயிலு பட்டா வெளுக்கும்னு.”

“அப்ப அதே கொடிதானேம்மா?”

“நான் என்னைக்கு இல்லேன்னேன்?”

“ஆச்சிகிட்டக் காட்டுவோம்மா. இப்பவே.”

“என்னன்னு காட்ட? எம்மக உங்க வீட்டுல திருடிட்டு வந்தா ஆச்சி, அதுல மஞ்ச விட்டிருக்கு, பாருங்கன்னா?”

நான்கு நாள் அதைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. அம்மா காலையில் எழுந்ததும் ஈரத் துணியால் அந்த இலையின் மேல் படிந்த சாம்பலைத் துடைப்பாள். அப்பா பார்த்துவிட்டு மில்லுக்குப் போவார். இரண்டாவது இலையும் விரியத் தொடங்கியது. அதிலும் மஞ்சள்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஆச்சி கொடுத்த புடவையைக் கட்டினாள். மைக்கூட்டின் கழுத்தைச் சுற்றி ஈரத்துணி கட்டினாள். காரைக்குடி பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து, அதை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“நான்தான் எடுத்துட்டுப் போனேன்னு சொல்லுவேன்,” என்றாள். “நீ வாயத் தொறக்காத.”

“நீ எடுக்கலயே.”

“மாத்துனவன்னு பேரு வர்றதுக்கு எடுத்தவன்னு பேரு வரட்டும். எடுத்தத திருப்பிக் குடுத்தாச்சுன்னா தீந்துச்சு.”

முன்வாசலில் புது ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாக்கோட்டைக்காரர், அம்மாவைவிடப் பத்து வயது மூத்தவர். இடுப்பில் சாவிக் கொத்து.

“ஆச்சி பட்டணம் போயி ஒரு வாரமாச்சே. என்ன விசயம்?”

அம்மா மைக்கூட்டின் கழுத்திலிருந்த ஈரத்துணியை அவிழ்த்தாள். பிறகு மைக்கூட்டை நீட்டினாள். “அவுக கொடிண்ணே. ஒன்னு என்கிட்டத் தங்கிப்போச்சு. மத்த பாட்டிலோட சேத்து வச்சுருங்க.”

“அந்தப் பாட்டிலெல்லாமா? தண்ணி நாறுது, கொசு மொய்க்குதுன்னு கொட்டிரச் சொல்லிட்டாக. கொட்டியாச்சு.” அவர் மைக்கூட்டை வாங்கி இலையைப் பார்த்தார். “அட, இது நல்லாருக்கே. ஆச்சிகூட இந்த மாதிரி ஒன்னு வச்சிருந்தாகளாம். முந்தி இருந்த பொம்பள அத மாத்திப்புட்டான்னு சொன்னாக.”

“முந்தி இருந்தவ நான்தான்,” என்றாள் அம்மா. “மாத்தல.”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சாவிக் கொத்தைத் திருகினார். “நான் என்னத்தக் கண்டேன் தாயி. சொன்னதச் சொன்னேன்.”

“ஆச்சி அடுத்த தடவ வர்றப்ப இதக் காட்டுங்க. அது போதும். வெயிலு படுற எடமாப் பாத்து வைங்கண்ணே.”

“அது மட்டும் முடியாது தாயி. எதையும் எடம் மாத்தக் கூடாதுன்னு உத்தரவு. சன்னலையும் தொறக்கக் கூடாதாம், புறா வருதாம். கொடி எங்க இருந்துச்சோ அங்கயே வச்சுர்றேன். பத்திரமா இருக்கும். கத்தி வைக்க மாட்டேன்.”

அவர் மைக்கூட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே போனார். திறந்த கதவு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். துடைத்த சுவரில் பூரான் கால் தடம் வாசலிலிருந்தே தெரிந்தது. ஜாடி இருந்த மூலையில், தரையில், வட்டமாக ஒரு கறை இருந்தது. சரியாக அதன் நடுவில் வைத்தார். வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினார்.

அந்த மூலைக்கும் சன்னலுக்கும் நடுவே இருபத்தாறு அடி.